முறிகண்டியில் நிற்காத பஸ்

விறாந்தைப் பகடை: வாசகர் கேள்வி பதில்

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். எனக்கு வயது 58. இடம் புதுக்குடியிருப்பு. இருபது வருஷத்துக்கு மேல் மீன் லொறி ஓடினேன். முழங்கால் போனதோடு விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கம்பஸில் படித்த மகள் ஒரு விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து தந்த விளையாட்டுத்தான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது சரிவருமா என்பதைப் பகடை சொல்லும். விளையாட விளையாடப் பாத்திரம் லெவல் லெவலாக ஏறும். கதை நடத்துகிற கேம் மாஸ்டரை எங்கள் பெடியள் 'நடத்துனர்' என்பார்கள். பஸ்ஸில் நிற்கிற அதே நடத்துனர்தான். யார் ஏறலாம், எங்கே இறங்கலாம், மிச்சக் காசு எப்போது வரும் எல்லாம் அவர் கையில்.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெலிபோர்ட் பற்றித்தான். இங்கே நிற்கிறவன் கண் மூடித் திறப்பதற்குள் நூறு மைலுக்கு அப்பால் நிற்பான். எங்கள் விறாந்தையில் அதற்குப் பெயர் தாவல். கீழே சொல்கிற எண்கள் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளில் உள்ளவை. அந்த விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியில் இருந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புத்தகம் வாங்கக் காசில்லை என்று யாரும் மனம் சோர வேண்டாம்.

கேள்வி: மாமா, ஐந்து பேருக்குக் கதை நடத்துகிறேன். மூன்று கிழமை கண் விழித்து ஒரு காட்டுப்பாதை எழுதினேன். ஆற்றங்கரையில் சாபம் பிடித்த மடம், பாலத்தைக் காக்கிற பூதம், மதம் பிடித்த ஆனை எல்லாம் அதில் இருந்தன. மந்திரவாதியாக விளையாடுகிறவன் 13ஆம் லெவலுக்கு வந்த அன்றைக்கே 'தலைநகருக்கு டெலிபோர்ட்' என்று சொல்லிவிட்டான். கொப்பி முழுக்க வீண். இந்த மந்திரத்தைத் தடை செய்யலாமா?
– கிளிநொச்சியில் இருந்து ஒரு நடத்துனர்

தம்பி, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஏ9 வீதியால் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால்தான் டிரைவருக்கு மனம் ஆறும். நான் ஓடின காலத்தில் மீன் பழுதாகிவிடும் என்ற அவசரத்திலும் நின்றுதான் போவேன். ஒருநாள் விடிய எழும்பிக் கச்சான் வறுத்து வைத்துக்கொண்டு இருக்கிற ஆச்சிக்கு முன்னால் அத்தனை பஸ்ஸும் நிற்காமல் பறந்தால் எப்படி இருக்கும்? அந்த ஆச்சிதான் இப்போது நீங்கள்.

ஆனாலும் தடை செய்ய வேண்டாம். அந்தப் பெடியன் 12 லெவல் நடந்து, அடி வாங்கி, பசி கிடந்து அந்த மந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். லைசன்ஸ் கிடைத்த அன்றைக்கே லொறித் திறப்பைப் பறிக்கிற முதலாளியிடம் நானும் வேலை செய்தவன். அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

முதலில் ஆறுதலாக இருந்து மந்திரத்தை வரி வரியாக வாசியுங்கள். பார்க்கத்தான் பெரிதாக இருக்கும், உண்மையில் அது கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மந்திரம். டெலிபோர்ட் 7ஆம் படி மந்திரம், படி கூடக் கூட மந்திரத்தின் வலுவும் கூடும். அப்படி ஒன்றைப் போடுகிற வலு 13ஆம் லெவல் மந்திரவாதிக்கு ஒருநாளைக்கு ஒரு தடவைதான். 14ஆம் லெவலிலும் அதே ஒன்றுதான். காலையில் தாவினால் அன்றைக்குத் திரும்பி வர வழியில்லை. கடைசி பஸ்ஸில் போய் இறங்கின கதை. தன்னோடு விருப்பத்துடன் வருகிற எட்டு உயிர்களைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். எட்டு உயிர் என்பதில் குதிரையும் சேர்த்தி. உங்களிடம் ஐந்து பேர், ஆளுக்கொரு குதிரை என்று வையுங்கள். மந்திரவாதியை விட்டால் நாலு பேர், ஐந்து குதிரை, மொத்தம் ஒன்பது. ஒரு குதிரை மிஞ்சும். எங்கள் விறாந்தையில் மிஞ்சின குதிரை யாருடையது என்று அரை மணித்தியாலம் சண்டை நடந்தது. நான் எழுதி வைத்த எந்தப் பூதமும் அவ்வளவு சுவாரசியமான சண்டையைத் தரவில்லை.

வண்டிலும் வராது. ஆட்களைக் கொண்டுபோகலாம், அல்லது பத்தடிப் பெட்டிக்குள் அடங்குகிற ஒரே ஒரு பொருளைக் கொண்டுபோகலாம். இரண்டும் சேராது. ஆகவே இருநூறு மூடை விதைநெல்லை மழை இறங்குவதற்கு முன் ஊர் சேர்க்க வேண்டும் என்று கதை வையுங்கள். மந்திரவாதி தாவட்டுமே, நெல் பாதையால்தான் வரும்.

முக்கியமான விஷயம் இனித்தான். போகிற இடத்தை மந்திரவாதி எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. பல தடவை போய்ப் பழகின இடம் என்றால் நூற்றுக்கு 76, சொன்ன இடத்திலேயே இறங்குவான். ஒரு தடவைக்கு மேல், ஆனால் போகிற போக்கில் மட்டும் கண்ட இடம் என்றால் 47. யாரோ சொல்லக் கேட்ட இடம் என்றால் வெறும் 27. உங்கள் பெடியன் தலைநகரை எப்போது கண்டான்? கண்டிருந்தால் எந்தத் தெருவை? பாதையில் போகாத மந்திரவாதிக்குத் தாவுவதற்கு இடமும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு வவுனியாவில் இருந்து பரந்தன் வரை ஒவ்வொரு மதகையும் சொல்லுவேன். லொறியைக் காலால் மிதித்து ஓடினதால் வந்த அறிவு அது. பஸ்ஸில் நித்திரை கொண்டு போன என் மச்சானைக் கேட்டால் முறிகண்டியைத் தவிர ஒன்றும் தெரியாது.

கொப்பியைக் கிழிக்காதீர்கள். மடத்தைத் தூக்கித் தலைநகருக்கு அந்தப் பக்கம், அவன் காணாத நாட்டில் வையுங்கள். இன்னொன்றும் செய்யலாம். நான் ஒருமுறை வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு ஊரை எழுதி வைத்திருந்தேன். குளம் வான் பாய்ந்து, அணைக்கட்டில் வெடிப்பு விழுந்து, சனம் உதவி கேட்டுப் பாதையோரம் நிற்கிற மாதிரி. எங்கள் ஆட்கள் அதைத் தாண்டித் தாவிவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு ஞாயிறு கழித்து, அவர்கள் தலைநகர்ச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டு நிற்கும்போது, சட்டி பானையோடும் நனைந்த பாய்களோடும் ஒரு கூட்டம் கோட்டை வாசலுக்கு வந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கே 2018 டிசம்பர் வெள்ளத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படுத்த பிள்ளைகள்தான் அவர்களில் மூன்று பேர்.

கேள்வி: ஐயா, எங்கள் நடத்துனர் தாவலுக்கு மட்டும் பகடையை மறைத்துப் போடுகிறார். ஆறு தடவை தாவினோம், ஐந்து தடவை வேறு எங்கேயோ போய் விழுந்தோம். இது நியாயமா?
– வவுனியாவில் இருந்து ஒரு மந்திரவாதி

உங்கள் கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். அவள் கணக்குக்காரி. பழகின இடத்துக்கே ஆறு தடவையும் தாவியிருந்தால், ஐந்தோ ஆறோ பிழைப்பதற்கு ஆயிரத்தில் இரண்டு கூட வாய்ப்பில்லை என்றாள். அப்படியென்றால் உங்கள் நடத்துனர் விரலால் பகடை போடுகிறார். ஆனால் ஆறு இடமும் ஆரோ சொல்லக் கேட்ட இடங்கள் என்றால், அதே முடிவு ஏழுக்கு ஒரு தடவை வரும். அப்போது குற்றம் அவரில் இல்லை. ஆகவே சண்டைக்குப் போகும் முன் யோசித்துப் பாருங்கள். போன இடங்களில் எத்தனையை உங்கள் பாத்திரம் தன் கண்ணால் கண்டிருக்கிறது?

மறைத்துப் போடுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் பூதம் நிற்கிறதா என்பதை மறைக்கலாம். தாவினவன் விழுந்த இடம் எப்படியும் தெரியத்தானே போகிறது? எங்கள் விறாந்தையில் பத்து முகப் பகடை கிடையாது. 1 முதல் 100 வரை ஒரு இலக்கம் எடுக்க இரண்டு பால்மாப் பேணி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டை, 0 முதல் 9 வரை பேனையால் இலக்கம் எழுதினது. முதல் பேணி பத்து, இரண்டாவது ஒன்று. இரண்டிலும் பூச்சியம் வந்தால் நூறு. தாவுகிறவரே கையை விட்டு எடுக்க வேண்டும். எடுத்த கொட்டையைத் திரும்பப் போட மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். பேணிக்குள் கை போகும்போது எல்லோரும் கதிரை நுனிக்கு வந்துவிடுவார்கள். மறைத்துப் போடுகிற நடத்துனர் இழக்கிறது இதைத்தான்.

இடம் தவறினால் எவ்வளவு தவறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு பத்துமுகப் பகடை உருட்டிப் பெருக்க வேண்டும். வருவது போன தூரத்தில் அத்தனை வீதம். திசை எட்டுத் திக்கில் ஒன்று. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு வீதியால் சுமார் 80 கிலோமீற்றர். ஐந்தும் மூன்றும் விழுந்தால் 15 வீதம், அதாவது 12 கிலோமீற்றர். தெற்கே என்றால் முறிகண்டிப் பக்கம் இறங்கிக் கச்சான் வாங்கலாம். தென்கிழக்கே என்றால் இரணைமடுப் பக்கம், மாரி காலமென்றால் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டு உலகின் வரைபடத்தையும் இப்படி விரித்து வைத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கே விழுந்தாலும் அங்கே ஏதாவது ஒன்று இருக்கும். வயலோ, சுடலையோ, யாருடையவோ கோழிக்கூடோ.

இன்னும் ஒன்று. அந்த அட்டவணையில் விபத்து என்று விழுந்தால் ஆளுக்கு மூன்று பத்துமுகப் பகடை அளவு அடி, பிறகு மறுபடி உருட்ட வேண்டும். இதற்கே அழுகிறவர்களுக்குச் சொல்கிறேன், 1974இல் வந்த முதல் விதிகளில் தெரியாத இடத்துக்குத் தாவி உருட்டல் பிழைத்தால் ஆள் முடிந்தான். இடத்தைக் கொஞ்சம் அறிந்தவனுக்கும் இலக்கம் குறைந்து விழுந்தால் தரைக்குள்ளே போய் அகப்பட்டுச் சாகலாம். கூடிப்போனால் ஆகாயத்தில் இருந்து விழுவான். அந்தக் காலத்து ஆட்கள் நடந்து போவதையே விரும்பியிருப்பார்கள்.

கேள்வி: கள்ளர் என் பாத்திரத்தின் கையையும் காலையும் கட்டி, கண்ணையும் கட்டிவிட்டார்கள். மிஸ்டி ஸ்டெப் என்கிற குட்டித் தாவல் மந்திரத்தைப் போடலாமா?
– நெடுங்கேணி

முப்பது அடிக்குள் 'காண்கிற' வெறுமையான இடத்துக்குத்தான் அது கொண்டுபோகும். அதற்கு வாய் மட்டும் போதும், கை தேவையில்லை. ஆகவே கை கால் கட்டு ஒரு பொருட்டே இல்லை. கண்கட்டுத்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. தலையைத் தூணில் தேய்த்து அதைக் கழற்றப் பாருங்கள். கழன்றால் தாவலாம், கயிறு பழைய இடத்திலேயே விழும் என்பது எங்கள் விறாந்தைத் தீர்ப்பு. அடுத்த முறை கள்ளர் கெட்டிக்காரராக இருந்தால் வாயில் துணி அடைப்பார்கள்.

கேள்வி: நீங்கள் மீன் லொறி ஓடினவர் என்பதால் கேட்கிறேன். வட்டம் கீறித் தாவுகிற மந்திரம் ஒன்று இருக்கிறது. அப்படி இருக்க, அந்த உலகத்தில் ஒருவன் ஏன் வண்டில் கட்டி மீன் கொண்டுபோக வேண்டும்? உலகமே பிழையாகத் தெரிகிறது.
– முல்லைத்தீவு

வாசித்துவிட்டு எழும்பி நின்றேன். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன்.

கணக்கைப் பார்ப்போம். வட்டம் கீறுவது 5ஆம் படி மந்திரம். அதைப் போட 9ஆம் லெவல் மந்திரவாதி வேண்டும், அவனுக்கும் ஒருநாளைக்கு ஒரு தடவைதான். மாணிக்கப் பொடி கலந்த சோக்கும் மையும் 50 பொன்னுக்கு வாங்க வேண்டும். கீறினதும் அது தீர்ந்துவிடும், திரும்ப வராது. அந்த உலகத்தில் கைத்தொழில் தெரியாத கூலியாளுக்கு நாட்சம்பளம் 2 வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். ஐம்பது பொன் என்பது ஒரு கூலியாளின் 250 நாள் உழைப்பு. அவ்வளவும் எதற்கு? மந்திரவாதியின் அடுத்த முறை முடியும் வரை, ஏறத்தாழ ஆறு வினாடி, ஒரு வாசல் திறந்திருப்பதற்கு. தலையில் பெட்டியோடு எத்தனை பேர் ஓடி உள்ளே நுழைவார்கள்? முட்டி மோதினால் எட்டுப் பேர் என்று வையுங்கள். எட்டுப் பெட்டி சூடை மீனுக்கு ஐம்பது பொன் செலவழிக்கிற சம்மாட்டி அடுத்த மாதம் வள்ளத்தை விற்பான்.

மறுபக்கத்தில் நிரந்தர வட்டம் ஒன்றும் இருக்க வேண்டும். அதை உண்டாக்க ஒரே இடத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் கீற வேண்டும். 365 தடவை 50 பொன், மொத்தம் 18,250. அப்படிக் கட்டின வட்டத்தை எந்த அரசன் சும்மா திறந்து விடுவான்? ஆகவே அந்த உலகில் வட்டத்தால் போவது முத்து, மருந்து, அவசரக் கடிதம், வரி கட்டாமல் ஓடுகிற மந்திரி. கருவாடு வண்டிலில்தான் போகும்.

இதில் நடத்துனர்களுக்கு ஒரு நல்ல தீனி இருக்கிறது. நிரந்தர வட்டத்துக்குத் தாவுவதற்கு அதன் குறி எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறி தெரிந்தவன் கையில்தான் நகரம். அங்கே காவல் நிற்கும், வரிசை நிற்கும், பாஸ் கேட்பார்கள், பாஸில் யார் கையெழுத்து என்று கேட்பார்கள். ஏ9 திறந்திருந்த 2002க்கும் 2006க்கும் இடையில் நான் ஒரு சோதனைச்சாவடியில் நின்ற மணித்தியாலங்களைக் கூட்டினால் ஒரு பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கியிருக்கும். மீனுக்குப் போட்ட ஐஸ் கரைந்து லொறியின் பின்பக்கத்தால் ஒழுகும். வரிசை நகர நகர அந்தத் தண்ணீர் தூசியில் கோடு கீறிக்கொண்டு வரும். கோடு நீள நீள நட்டம் கூடும். முதலாளி அதைக் காணக்கூடாது என்று காலால் தேய்த்து அழித்திருக்கிறேன்.

எங்கள் கதையில் அந்தச் சாவடியை அப்படியே ஒரு வட்ட மண்டபமாக வைத்தேன். நூறு மைலை இமைப்பொழுதில் தாண்டி வந்தவர்கள், வந்து இறங்கின மண்டபத்தை விட்டு வெளியே போக மூன்று நாள் காத்திருந்தார்கள். நாலாம் நாள் ஒருத்தி, 'மாமா, நடந்தே வந்திருக்கலாம்' என்றாள்.

கேள்வி: எங்கள் கதையில் வில்லன் ஒவ்வொரு தடவையும் சாகப்போகிற நேரத்தில் டெலிபோர்ட் ஆகிவிடுகிறான். நாலு தடவை ஆகிவிட்டது.
– மாங்குளம்

ஒரு தடவை தப்பினால் கதை. நாலு தடவை என்றால் உங்கள் நடத்துனருக்கு வில்லன் மேல் ஆசை. அதை அவரிடமே சொல்லுங்கள். அதுவரைக்கும் இரண்டு வழி. டெலிபோர்ட் வாயால் சொல்லிப் போடுகிற மந்திரம். உங்கள் பூசாரி சைலன்ஸ் போட்டால் நடுவில் இருந்து இருபது அடி தூரத்துக்குள் சத்தமே எழும்பாது, வில்லன் வாயை அசைத்துக்கொண்டு நிற்பான். அல்லது அறுபது அடிக்குள் நிற்கிற மந்திரவாதி, அடுத்தவன் மந்திரத்தை முறிக்கிற கவுண்டர்ஸ்பெல் போடலாம். 7ஆம் படி மந்திரத்தை முறிக்கப் பகடை உருட்டி 17 எடுக்க வேண்டும். பூசாரியை முன்கூட்டியே கதவுப் பக்கம் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: மாமா, என் பாத்திரம் சின்ன வயதில் ஊரை விட்டு ஓடிவந்தவள். 13ஆம் லெவல் வந்ததும் முதல் வேலையாகப் பிறந்த வீட்டுக்குத் தாவுகிறேன் என்றேன். 'அந்த ஊர் எரிந்துபோய் இருபது வருஷம், நீ போகவே முடியாது' என்கிறார் நடத்துனர். பிறந்து வளர்ந்த வீடு 'பழகின இடம்' இல்லையா? எனக்கு 76 வர வேண்டாமா?
– முள்ளியவளையில் இருந்து ஒரு தங்கச்சி

தங்கச்சி, உங்கள் நடத்துனர் தன் பாட்டுக்குச் சொல்லவில்லை. அட்டவணையின் கடைசியில் 'பொய்யான இடம்' என்று ஒரு வரி இருக்கிறது. மாயத்தில் கண்ட, உண்மையில் இல்லாத இடம் அதில் சேர்த்தி. நன்றாகப் பழகி, ஆனால் இப்போது இல்லாமல் போன இடமும் அதில்தான் சேர்த்தி. அந்த வரியில் நூற்றுக்கு 50 விபத்து, 50 அதே மாதிரியான வேறொரு இடம். போய்ச் சேர்வதற்கு ஒரு இலக்கமும் இல்லை. விபத்து வந்தால் அடியை வாங்கிக்கொண்டு மறுபடி உருட்டுவீர்கள், கடைசியில் வேறு யாருடையவோ வீட்டு முற்றத்தில் நிற்பீர்கள்.

அந்த வரியை முதன்முதல் மகள் வாசித்துத் தமிழில் சொன்னபோது நான் தேத்தண்ணியை வைத்துவிட்டேன்.

மீள்குடியேற்றத்தில் எங்களை ஊருக்கு விட்டபோது என் வீட்டை எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் நடந்த ஒழுங்கை. கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன் என்று நினைத்திருந்தேன். வேலி இல்லை, மதில் இல்லை, முன்வீட்டு மாமரம் இல்லை, ஆளுயரத்துக்குப் பற்றை. ஒரு இடத்தில் நின்று இதுதான் வளவு என்று மனிசிக்குச் சொன்னேன். அவள் இல்லை என்றாள். இரண்டு பேரும் பற்றைக்குள் நின்று சண்டை பிடித்தோம். பிறகு அவள்தான் கிணற்றைக் கண்டாள். கட்டு பாதி இடிந்திருந்தது. மிச்சப் பாதியில் சீமெந்து ஈரமாக இருக்கும்போது ஐயா ஆணியால் கீறின 1984 இருந்தது. நான் நின்ற இடத்தில் இருந்து நாற்பது அடி. எனக்கு இடம் தவறினது அவ்வளவுதான், ஆனால் அது அடுத்த வீட்டுக்காரரின் குசினி.

அதனால்தான் அந்த வரியில் நான் விதியை அப்படியே எடுப்பதில்லை. தாவுகிறவரிடம் ஒன்று கேட்பேன்: அந்த இடத்தில் எதை நினைத்துத் தாவுகிறாய்? ஒரு பொருள், ஒன்றே ஒன்று, பேணிக்குள் கை வைக்கும் முன் சொல்ல வேண்டும். வீடு என்றால் வீடு இல்லை, பொய்யான இடம். விறாந்தை என்றால் அதுவும் இல்லை. ஆனால் எரியாத ஒன்றைச் சொன்னால், கிணறு, பாறை, குளத்து அலைகரை, அது இன்னும் இருக்கிறது என்று நான் எழுதி வைத்திருந்தால், 'போகிற போக்கில் கண்ட இடம்' வரியைக் கொடுப்பேன். 47. பழகின இடத்துக்கு உரிய 76ஐக் கொடுக்கமாட்டேன். இருபது வருஷம் கழித்துப் போகிறவருக்கு அது கிடையாது, நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

விதியில் இன்னொரு வழியும் இருக்கிறது. போகிற இடத்தில் இருந்து எடுத்த பொருள் ஒன்று கையில் இருந்தால் நூற்றுக்கு நூறு போய்ச் சேரலாம். ஆனால் எடுத்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டுமாம். என் அம்மா வீட்டுத் திறப்பைச் செட்டிகுளம் முகாமிலும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. நாங்கள் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, கதவு நிலையும் இல்லை. திறப்பு இப்போதும் சாமியறைத் தட்டில் கிடக்கிறது. ஆறு மாதம் என்று எழுதின ஆள் அப்படி ஒரு திறப்பைக் கண்டிருக்கமாட்டார். உங்கள் பாத்திரத்திடம் ஏதாவது மிச்சம் இருந்தால் நடத்துனரிடம் எடுத்துக் காட்டுங்கள். எங்கள் விறாந்தையில் என்றால் ஒருதடவை மறுபடி உருட்ட விடுவேன்.

எங்கள் மந்திரவாதி ஏஎல் படிக்கிற பிள்ளை. அவளும் போன மாதம் இதையேதான் கேட்டாள். எதை நினைக்கிறாய் என்று கேட்டேன். கிணற்றடியில் இருந்த தோய்க்கிற கல் என்றாள். கல் எரியாது. 47 வரியைக் கொடுத்தேன். முதல் பேணியில் 4, இரண்டாவதில் 9. நாற்பத்தொன்பது என்றால் இடம் தவறல். இரண்டும் மூன்றும் விழுந்தது, ஆறு வீதம். நூறு கிலோமீற்றர் தாவினவர்கள் ஆறு கிலோமீற்றர் தள்ளிக் காட்டுக்குள் இறங்கினார்கள். அன்றைக்கு இனித் தாவ வலு இல்லை. நான் எப்போதோ எழுதி எடுபடாமல் கிடந்த காட்டுப்பாதைக் கொப்பியைத் திறந்தேன்.

அந்த ஆறு கிலோமீற்றரை நடக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. கல் இருந்ததா என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். வருகிற ஞாயிறுதான் ஒழுங்கை முடக்கில் திரும்புகிறார்கள்.